போர்ப் பயிற்சிக்கு வீடியோ கேம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் விற்கும் வீடியோ கேமைப் போர்ப் பயிற்சிக்கு மாற்ற முனைகிறவர்கள் முதலில் சறுக்குவது படத்தின் அழகில்தான். புல் அசைகிறதா, புகை சுருள்கிறதா என்று பார்ப்பதிலேயே பணமும் மாதங்களும் கரைந்துவிடும்.

1996-இல் அமெரிக்க மரைன் படையினர் அரக்கர்களைச் சுட்டு வீழ்த்தும் 'டூம் 2' விளையாட்டை மாற்றி 'மரைன் டூம்' உருவாக்கினார்கள். அந்த விளையாட்டை இயக்கும் மென்பொருளான என்ஜினில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறையைக் கட்டக்கூட வழியில்லை. ஆனால், யாருக்கு எதைப் பழக்குகிறோம் என்பதில் தெளிவு இருந்தது. நால்வர் கொண்ட சிறு குழு: தலைவர், தானியங்கித் துப்பாக்கி ஏந்தியவர், ரைஃபிள் வீரர்கள் இருவர். ஒருவரையொருவர் காப்பது, குண்டுகளை அளந்து செலவிடுவது, தலைவர் விழுந்தால் அடுத்தவர் பொறுப்பேற்பது. இவையே பாடம். அரக்கர்களை நீக்கிவிட்டு மனித எதிரிகளை வைத்தார்கள்.

விளையாட்டின் விதிகளை அப்படியே விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பேன். மருந்துப் பெட்டியைத் தொட்டதும் காயம் ஆறிவிடுகிறது. செத்தவர் சில நொடிகளில் எழுந்து ஓடுகிறார். இதில் மாதக்கணக்கில் பழகியவர், கதவைத் தாண்டும் முன் தயங்கவே மாட்டார். அந்தத் துணிச்சல் நிஜக் கதவுக்கு முன்னால் உயிரைக் கேட்கும்.

தேவையில்லாததை வெட்டவும் மனம் வர வேண்டும். 1981-இல் அட்டாரி நிறுவனம் தன் 'பேட்டில்சோன்' என்ற டாங்கிச் சண்டை விளையாட்டை பிராட்லி கவச வண்டியின் துப்பாக்கி வீரருக்காக மாற்றியபோது, வண்டி ஓட்டும் வசதியையே எடுத்துவிட்டது. பயிற்சி பெறுபவர் ஓட்டுநர் அல்லவே! மாறாக, கைப்பிடியை உண்மையான பிராட்லியில் இருப்பதைப் போலவே வடிவமைத்தது. கை பழக வேண்டிய இடத்தில் கவனம் வைத்தார்கள்.

விளையாட்டு களப்பயிற்சிக்கு மாற்று என்று எண்ணுவதும் பிழை. 1997-இல் மரைன் படைத் தலைவர் சார்ல்ஸ் க்ருலாக் கணினி விளையாட்டுகளுக்கு இடம் தந்தது முடிவெடுக்கும் திறனை வளர்க்கத்தான். சுமையின் பாரத்தையும் மூச்சிரைப்பையும் திரை தராது.

கடைசியாக, ஆட்டம் முடிந்ததும் கணினியை அணைத்துவிட்டு எழுந்து போகும் பழக்கம். யார் எங்கே நின்றார், எப்போது சுட்டார் என்பதெல்லாம் பதிவாக வேண்டும். அதைத் திருப்பி ஓட்டி, ஒரு குறிப்பிட்ட நொடியில் நிறுத்தி, "இங்கே ஏன் இடப்பக்கம் திரும்பினீர்கள்?" என்று பயிற்றுநர் கேட்க வேண்டும். வாங்கிய விளையாட்டில் அந்த வசதி இல்லையென்றால், வேறு எதையும் மெருகேற்றுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.