மண்சரிவு: கடிதம் கொடுத்ததோடு கடமை முடிவதில்லை

2014 ஒக்டோபர் 29 காலையில், இலங்கையின் பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்தில் லயன்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அதாவது விஷயம் தெரிந்தே இருந்தது. தெரிந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை முதல் தவறு இதுதான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சரிவை ஆராய்ந்து அறிக்கை தருகிறது. பிரதேச செயலகம் அதைக் கிராம உத்தியோகத்தர் வழியாக மக்களிடம் சேர்க்கிறது. “எழும்புங்கள்” என்கிறது கடிதம். எங்கே போவது? லயனில் இருப்பவருக்குக் காணியுறுதி இல்லை. தோட்டக் காணியோ அரசுடையது, கம்பனியிடம் குத்தகைக்கு இருக்கிறது. கம்பனி காணியை விடுவிக்காமல் பிரதேச செயலாளரால் அங்கே மாற்றிடம் காட்ட முடியாது. ஆகவே வெளியேறும் அறிவித்தலும் மாற்றுக் காணிக்கான தீர்மானமும் ஒன்றாக வரவேண்டும். தனியாக வரும் கடிதம் அலமாரியில்தான் கிடக்கும். அதை வாங்கி வைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது, கானை (மழைநீர் வடிகாலை) யார் துப்பரவு செய்வது என்ற இழுபறி. லயனுக்குப் பின்னால் கான் அடைபட்டால் மழைநீர் முழுவதும் மண்ணுக்குள் இறங்கும். ஊறிய மண் பாரம் கூடி, பிடிமானம் இழந்து சரியும். தோட்டங்களுக்குள் வேலை செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று பிரதேச சபைகள் நெடுங்காலம் ஒதுங்கி நின்றன. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தக் காரணம் செல்லாது. மழைக்காலத்துக்கு முன்பே சபையும் தோட்ட நிர்வாகமும் சேர்ந்து கான்களைப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் மண்ணைச் செங்குத்தாக வெட்டி அறை இறக்குவதும் அதே ஆபத்துதான். வெட்டுவதற்கு முன் ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு எடுங்கள்.

மழையைப் பட்டணத்து அளவை வைத்துக் கணிப்பது இன்னொரு தவறு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். ஆனால் ஒரு மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் மழை இந்தப் பக்கம் தூறலாக இருக்கும். தேயிலைத் தோட்டங்களில் மழை அளந்து எழுதி வைப்பது பழைய வழக்கம். அந்தக் கணக்கு தோட்டத்துக் கந்தோரோடு நிற்காமல், அன்றன்றே கிராம உத்தியோகத்தருக்கும் லயன் மக்களுக்கும் தமிழில் போய்ச் சேரட்டும்.

பாடசாலையில் தங்கவைத்துவிட்டு, மழை விட்டதும் திருப்பி அனுப்புவதும் கூடாது. வானம் வெளுத்த பிறகும் ஊறிய மண் சரியலாம். அதிகாரிகள் இடத்தைப் பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நாட்களுக்குப் பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் கிடைக்காது என்றால் தொழிலாளி எப்படிக் காத்திருப்பார்? சம்பளத்தையும் முகாம் திட்டத்தில் சேர்த்துப் பேசத்தான் வேண்டும்.

சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று: இவற்றைக் கண்டால் கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் வெளியேறுங்கள். பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.