மவுன்ட் செய்யாத பார்ட்டிஷனில் என்ன ஃபைல் சிஸ்டம் இருக்கிறது?

யாராவது பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து தந்தால் நான் எடுத்தவுடன் மவுன்ட் செய்வதில்லை (அதாவது, லினக்ஸில் இணைத்துத் திறப்பதில்லை). லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 உள்ள பார்ட்டிஷனை 'வாசிக்க மட்டும்' என்று மவுன்ட் செய்தாலும், பாதியில் நின்ற ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) இருந்தால் லினக்ஸ் அதை முடித்துவைக்க டிஸ்க்கில் எழுதும். அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்கள் இருக்கும் டிஸ்க்கில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

முதலில் எல்எஸ்பிஎல்கே -எஃப். (இங்கே சொல்லும் கட்டளைகள் எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்தில்.) எஃப்எஸ்டைப் என்ற பத்தியில் விடை வந்துவிடும். காலியாக இருந்தால் சூடோ பிஎல்கேஐடி -பி /டெவ்/எஸ்டிபி1 என்று கேளுங்கள் (எஸ்டிபி1 இருக்கும் இடத்தில் உங்கள் பார்ட்டிஷனின் பெயரைப் போடுங்கள்). அந்த -பி ('ப்ரோப்' என்பதன் முதல் எழுத்து) முக்கியம். ஏற்கெனவே சேமித்துவைத்த விவரத்தை நம்பாமல் நேராக டிஸ்க்கையே படிக்கும்.

எஃப்டிஸ்க் -எல் காட்டும் பார்ட்டிஷன் வகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மட்டும்தான். ஒரு 500 ஜிபி டிஸ்க்கில் இரண்டு பார்ட்டிஷனுக்கும் '83 லினக்ஸ்' என்றே போட்டிருந்தது. பிஎல்கேஐடி சொன்னது வேறு: ஒன்று எக்ஸ்ட்4, மற்றது கிரிப்டோ_லக்ஸ். அதாவது கடவுச்சொல் போன்ற சாவியால் பூட்டிய பெட்டி. கிரிப்ட்செட்டப் ஓப்பன் கொடுத்துத் திறந்த பிறகு, /டெவ்/மேப்பருக்குள் வரும் பெயரைத்தான் மறுபடி சோதிக்க வேண்டும். எல்விஎம்2_மெம்பர் (இடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தரும் எல்விஎம் முறையின் ஒரு பகுதி) என்று வந்தாலும் இதே கதைதான். விஜிசேஞ்ச் -ஏஒய் கொடுத்து உள்ளே இருக்கும் வால்யூம்களை எழுப்ப வேண்டும்.

இந்தக் கருவிகளுக்கு எப்படித் தெரிகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பாருங்கள், அப்புறம் மறக்காது. சூடோ எக்ஸ்எக்ஸ்டி -எஸ் 1080 -எல் 2 /டெவ்/எஸ்டிபி1 என்று அடித்தால் எக்ஸ்ட் குடும்பத்தில் '53இஎஃப்' என்று வரும். 1024ஆவது பைட்டில் தொடங்கும் சூப்பர்பிளாக்கின் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் பகுதி) அடையாளக் குறி அது. எக்ஸ்ட்2, 3, 4 மூன்றுக்கும் இதே குறிதான். எது எது என்பதை ஜர்னல், எக்ஸ்டென்ட் (ஃபைலைத் தொடர்ச்சியான துண்டுகளாகக் குறித்துவைக்கும் முறை) போன்ற வசதிகளை வைத்துப் பிரிக்கிறார்கள். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் என்றால் முதல் நான்கு பைட்டிலேயே 'எக்ஸ்எஃப்எஸ்பி' என்று எழுதியிருக்கும்.

பிஎல்கேஐடி வெறும் 'பிடிடைப்' (பார்ட்டிஷன் அட்டவணையின் வகை) மட்டும் காட்டினால், பார்ட்டிஷன் எண்ணை விட்டுவிட்டு முழு டிஸ்க்கையும் கொடுத்திருக்கிறீர்கள். எண்ணைச் சேர்த்துக் கேளுங்கள்.

எக்ஸ்ட்4 என்று உறுதியானதும் மவுன்ட் -ஓ ஆர்ஓ,நோலோடு என்று ஏற்றுங்கள். ஜர்னலைத் தொடாமல் அப்படியே திறக்கும்.