உப்புக் காற்றில் நிற்கும் கார்: வீட்டிலேயே பார்க்க வேண்டிய வேலைகள்

கார் வேலை கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் ஆயில் மாற்றுவதில்தான் தொடங்குகிறார்கள். கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அங்கே தொடங்க வேண்டாம். தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ வாசலில் நிற்கும் கார், ஓடினாலும் ஓடாவிட்டாலும் உப்பை வாங்கிக்கொண்டே இருக்கிறது. சர்வீஸ் புத்தகம் கிலோமீட்டர் கணக்குச் சொல்லும். உப்புக்கு நாள் கணக்குதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊரில் முக்கால்வாசி இரவுகள் அப்படித்தான். அதனால் மழையே இல்லாத மாதத்திலும் காரின் அடிப்பக்கம் விடிய விடிய ஈரமாக இருக்கிறது, துருவும் வேலை செய்கிறது. ஆகவே உப்பு முதலில் கடிக்கும் இடங்களில் கை பழக்குவதுதான் சரியான பாடம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர், ஒரு சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), மல்டிமீட்டர், கம்பி பிரஷ், 80, 120, 400 நம்பர் உப்புத்தாள், சிலிக்கான் பிரேக் கிரீஸ், ஒரு டப்பா வாசலின். இவற்றோடு இரண்டு ஜாக் ஸ்டாண்டு. இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வண்டியோடு வந்த ஜாக் ஸ்டெப்னி மாற்றத்தான், அதை நம்பி அடியில் கை நீட்டக் கூடாது. ஹாலோ பிளாக், செங்கல் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

கழுவுவது எந்தத் தண்ணீரில்?

முதல் வேலை கழுவுவது. ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே பூசியதாகும். நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் நகராட்சிக் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ இரண்டு குடம் போதும். மேல் பாகத்தைவிட அடிப்பக்கம் முக்கியம்: சக்கர வளைவுகளின் உள்விளிம்பு, சஸ்பென்ஷன் கைகள், சைலன்சர் தாங்கிகள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பீய்ச்சி அடியுங்கள். பீச் ரோட்டிலோ ஈசிஆரிலோ நனைந்து வந்தால் அன்றைக்கே செய்யுங்கள்.

ஒவ்வொரு கதவின் கீழ் விளிம்பிலும் இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீர் வெளியேறும் வழி அதுதான். மண்ணும் சருகும் அடைத்தால் கதவு உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயிண்ட் கொப்புளிக்கும்போது தகடு ஏற்கெனவே போயிருக்கும். தென்னை ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். கம்பி பெயிண்டைக் கீறிவிடும், ஈர்க்குச்சி கீறாது. வைப்பருக்கு அடியில் இருக்கும் ஜாலியில் வேப்பிலையும் முருங்கை இலையும் சேர்ந்தால் மழைத் தண்ணீர் ஏசி புளோயர் வழியாகக் காலடிக்கு வரும். அதையும் அள்ளிவிடுங்கள்.

பேட்டரியும் எர்த் கம்பியும்

டெர்மினலில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். 10 நம்பர் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது நேரெதிர்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைத் திருகினால், ஸ்பேனர் பாடியில் பட்டாலே ஷார்ட்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து பழைய பல்துலக்கியால் தேயுங்கள், நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரால் துடையுங்கள். பேட்டரியின் மூடிக்குள் சோடா போகக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு 120 உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, அதற்கு மேல்தான் வாசலின் பூச வேண்டும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட்டர் முனகுகிறதா? புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் எர்த் கம்பியைப் பாருங்கள். நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒன்று, பாடியிலிருந்து எஞ்சினுக்கு ஒன்று போகும். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மின்சாரம் துருவில் மாட்டிக்கொள்கிறது. போல்ட்டைக் கழற்றி, வளையத்தின் இரு பக்கமும் அது உட்காரும் தகடும் பளபளக்கத் தேய்த்து மாட்டுங்கள். கம்பியின் உறையை அரை அங்குலம் பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பதும் அவசியம். உள்ளே செம்பு பச்சைப் பொடியாக நொறுங்கினால் தேய்த்துப் பயனில்லை, கம்பியையே மாற்ற வேண்டும்.

பிரேக் காலிப்பரின் ஊசிகள்

நம் கடற்கரையில் அதிகம் கவனிக்கப்படாத பாகம் இதுதான். பெரும்பாலான சிறிய கார்களின் முன் டிஸ்க்கில், பேடுகளை டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பாகமான காலிப்பர் இரண்டு ஊசிகளின் மேல் நகர்கிறது. ரப்பர் உறை கிழிந்து உப்பு ஈரம் உள்ளே போனால் ஊசி இறுகிவிடும். பிறகு உள்பக்க பேடு மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், சக்கரம் சுடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் இந்தச் செலவு வராது.

சமதளத்தில் நிறுத்தி, முதல் கியர் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஸ்டாண்டு வைத்த பிறகு கழற்றிய சக்கரத்தையும் கார் கதவுக்குக் கீழுள்ள விளிம்புக்கு அடியில் படுக்கப் போடுங்கள், அது இரண்டாவது காவல். காலிப்பரின் கீழ் போல்ட்டை (பெரும்பாலும் 12 அல்லது 14 நம்பர்) கழற்றி காலிப்பரை மேலே மடக்குங்கள். பிரேக் ஹோஸ் அதன் கனத்தைத் தாங்கக் கூடாது, முழுதாகக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஊசியை உறையிலிருந்து உருவிக் கையில் பிடித்துப் பாருங்கள். நல்ல ஊசி வெள்ளியாக, கிரீஸ் படலத்தோடு, இரண்டு விரலால் தள்ளினாலே வழுக்கிப் போகும். கெட்ட ஊசியில் காப்பித்தூள் போல வறண்ட பழுப்பு ஒட்டியிருக்கும், நகத்தால் வருடினால் குழி தட்டுப்படும். குழி விழுந்ததை மாற்றிவிடுங்கள், வெறும் பழுப்பு என்றால் துணியும் பிரேக் கிளீனரும், வேண்டுமானால் 400 உப்புத்தாளும் போதும். பிறகு பட்டாணி அளவு சிலிக்கான் கிரீஸ். அதிகம் வைத்தால் உறைக்குள் காற்று அடைத்து ஊசியைத் திருப்பித் தள்ளும். சாதாரண மஞ்சள் கிரீஸ் வேண்டவே வேண்டாம், அது ரப்பரை ஊதவைத்து நீங்கள் சரிசெய்ய வந்த கோளாறையே திரும்ப உண்டாக்கும். சில கார்களில் மேல் ஊசியும் கீழ் ஊசியும் வேறு வேறு, இடம் மாற்றாதீர்கள்.

பேடில் உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். புது பேடுக்கு இடம்விடக் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா பொங்கும், அது பெயிண்டைத் தின்னும் என்பதால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராகக் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதியில் பிரேக் இருக்காது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155 தான். இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த வண்டியை நாலு நாள் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இல்லையென்றால் பின் டிரம் ஒட்டிக்கொள்ளும்.

துரு கண்டால்

கம்பி பிரஷ், பிறகு 80, பிறகு 120 உப்புத்தாள், வெள்ளைத் தகடு தெரியும்வரை. மூலையில் மிச்சமிருப்பதற்கு பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வர்ட்டர், காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கை, அதன் மேல் பெயிண்ட். பகல் பதினொன்றுக்கு மேல், தகடு வெயிலில் காய்ந்திருக்கும்போது அடியுங்கள். துருவின் மேலேயே கறுப்பு அண்டர்பாடி கோட்டிங் அடிப்பது நோயை மூடிவைப்பது. ஈரம் உள்ளே சிறைப்பட்டு வேகமாக அரிக்கும்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு ஆயில் மாற்றுவது பெரிய காரியமே இல்லை. சிறிய பெட்ரோல் கார்களுக்கு 3 முதல் 3.5 லிட்டர் போகும், சரியான அளவும் தரமும் கையேட்டில் இருக்கும். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, அது தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு மல்லுக்கட்டினால் மரை போய்விடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலையும் பார்த்த ஊர்கள் இவை. புதுச்சேரி ரெயின்போ நகர் போன்ற தாழ்வான இடங்களில் கார் தண்ணீரில் நின்றிருந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நெகட்டிவைக் கழற்றுங்கள், ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். உள்ளே ஈரமென்றால் எஞ்சின் தண்ணீர் குடித்திருக்கக்கூடும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தாலும் மெக்கானிக்கிடம் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். காப்பீட்டுக்குப் படம் எடுத்துவிட்டுத்தான் எதையும் கழற்றுங்கள்.

தண்ணீர் ஆட்கள் உட்காரும் பகுதிக்குள் மட்டும் புகுந்திருந்தால் தரைவிரிப்பைத் தூக்குங்கள். மேலே காய்ந்தாலும் அடியிலுள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரம் பிடித்திருக்கும். கடல் நீர் கலந்திருந்தால் காயவைப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் தெரியும் கனெக்டர்கள் ஏர்பேகுக்கு உரியவை, அவற்றில் கை வைக்காதீர்கள்.