பனி ஓய்ந்த மறுநாள் சரிவுப் பக்கம் போகாதீர்கள்

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து டிசம்பர், ஜனவரியில் குல்மார்க், மணாலி என்று கிளம்பும் பிள்ளைகள், ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம் என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். ராணுவ வேலையில் காஷ்மீரில் குளிர்காலங்களைக் கழித்தவன் நான். முதலில் சொல்வது இதைத்தான்: பனி கொட்டி ஓய்ந்த மறுநாள்தான், மலைச்சரிவில் கிடக்கும் பனி மொத்தமாகச் சரிந்து பாயும் பனிச்சரிவுக்குப் பயப்பட வேண்டிய நாள்.

பனி கொட்டும்போது யாரும் அறையை விட்டு வெளியே வருவதில்லை. வானம் வெளுத்ததும் படம் எடுக்க எல்லோரும் சரிவுக்கு ஓடுகிறார்கள். பாபநாசத்தில் வெயிலடிக்கும்போதே, மேலே மலையில் பெய்த மழை ஆற்றில் வந்து இறங்குமே, அதேபோலத்தான் இதுவும். புதுப்பனி பழைய பனியோடு பிடிக்க நேரம் வேண்டும். முதல் 24 முதல் 48 மணி நேரம் ரொம்ப மோசம். அடியில் ஒட்டாத உதிரிப்பனி இருந்தால் ஆபத்து பல நாள் நீடிக்கும். காற்று வேறு, ஒரு பக்கத்துப் பனியை வாரி முகட்டின் மறுபக்கம் குவித்துவிடும். அங்கே காலடி பட்டாலே, பலகை மாதிரி இறுகிக் கிடக்கும் பனி மொத்தமும் பிளந்து சரியலாம்.

30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவில்தான் இது அதிகம் நடக்கும். நீங்கள் ஏற வேண்டும் என்பதில்லை, அடியில் நின்றாலே போதும். 2023 ஏப்ரலில் சிக்கிமில் கேங்டாக்–நாதுலா சாலைப் பக்கம், சுற்றுலா வந்த 7 பேர் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். பனி சரிந்து இறங்கும் மலை ஓடையின் வாயில் டிரைவர் வண்டியை நிறுத்தினால், ‘அண்ணாச்சி, தள்ளிப் போய் நிறுத்துங்க’ என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் வானிலை மையத்தின் முன்னறிவிப்பையும், மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், கட்டிய பணம் போனால் போகட்டும். பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம், காலடியிலிருந்து ஓடும் விரிசல், அடியில் ‘தொம்’ என்று அமுங்கும் சத்தம் – இதில் எது தெரிந்தாலும் உடனே, வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் ஒதுங்கப் பாருங்கள். பனி நிற்கப் போகும்போது, கையை முகத்துக்கு முன் வைத்து மூச்சுவிட இடம் பண்ணுங்கள். மற்றவர்கள், மாட்டிக்கொண்டவரைக் கடைசியாகப் பார்த்த இடத்தைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும். 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள், அதற்குமேல் வாய்ப்பு வேகமாகக் குறையும். அதனால் ஆள் கூட்டிவர எல்லோரும் ஓடாதீர்கள். ஒருவர் 112-க்கு போன் போடட்டும், மற்றவர்கள் மேலே மீண்டும் சரிகிறதா என்று பார்த்துக்கொண்டே, கடைசியாகப் பார்த்த அந்த இடத்திலிருந்து கீழ்ப்பக்கமாகத் தேடித் தோண்டுங்கள்.