ஒரே லாகின் வைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

நிறுவனம் ஊழியர்களுக்குத் தருகிற வசதிகளில் மனநல கவுன்சலிங்குக்கு ஒரு ஆப், மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு ஆப், சம்பள முன்பணம் கேட்க இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு என்று இருந்தால் ஊழியர்கள் யாரும் உள்ளேயே போக மாட்டார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே லாகின், அதாவது சிங்கிள் சைன் ஆன் வைப்பது நல்ல முடிவுதான். ஆனால் அதை அமைக்கிற விதத்தில் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

ஆஃபீஸ் மெயில் இருப்பவர்களை மட்டும் மனதில் வைத்துச் செய்யாதீர்கள். கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கி நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். மேனேஜருக்கு மெயில் இருக்கும். சமையற்கட்டில் நிற்கிற அண்ணனுக்கும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் துடைக்கிற அக்காவுக்கும் மெயில் ஏது? சரி, செல்போனுக்கு ஓடிபி அனுப்பலாம் என்றால், அந்த போன் வீட்டுக்காரர் கையில் இருக்கலாம். வீட்டுப் பிரச்சினையைப் பற்றியே பேச நினைக்கிற பெண்ணுக்கு அதுவே பெரிய தடை. பணியாளர் எண்ணும் ரகசிய எண்ணும் போட்டு நுழைகிற வழியும் வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. சிங்கிள் சைன் ஆனில் யார் எந்த ஆப்பை எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது நிறுவனத்தின் பதிவில் விழும். கவுன்சலரிடம் பேசியது வெளியே வராது, ஆனால் பேசப் போனார் என்பதே ஹெச்.ஆருக்குத் தெரிந்தால்? காரைக்குடியில், கூட வேலை பார்ப்பவர் உறவுக்காரராகவோ தெருக்காரராகவோ இருக்கிற இடத்தில், ஒரு தடவை பேச்சு கிளம்பினால் போதும், அப்புறம் ஒருத்தரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். அந்தப் பதிவு ஹெச்.ஆர் கண்ணில் படாதபடி பூட்டுங்கள். கவுன்சலிங் நிறுவனத்துக்கும் பெயர், பிரிவு, மெயில் எதுவும் போக வேண்டாம், இவர் நம் ஊழியர்தான் என்று காட்டுகிற ஒரு குறியீடு போதும். இப்படி ஒரே லாகின் அமைக்கப் பயன்படுகிற ஓப்பன் ஐடி கனெக்ட் என்ற தொழில்நுட்ப முறையில் ஒவ்வொரு ஆப்புக்கும் வேறுவேறு குறியீடு தருகிற வசதி இருக்கிறது, லாகின் அமைத்துத் தருகிறவரிடம் கேட்டு வாங்குங்கள்.

வேலையை விட்ட அன்றே கணக்கை மூடுவது பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் கவுன்சலிங்கும் அதோடு சேர்ந்து மூடிவிடுகிறதே, வேலை போன வாரத்தில்தானே அது தேவைப்படும்? கவுன்சலிங் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தப்படி எத்தனை நாள் தொடரலாம் என்று பார்த்து, அதுவரை சொந்த செல்போன் எண்ணில் நுழைய விடுங்கள்.

அவசர உதவி எண்ணை லாகினுக்குள் வைக்கவே கூடாது. ராத்திரி இரண்டு மணிக்குத் தவிக்கிற மனிதரால் பாஸ்வேர்டை யோசித்துக்கொண்டிருக்க முடியாது. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸின் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அதை அச்சடித்துச் சமையற்கட்டுச் சுவரிலும் கழிப்பறைக் கதவின் உட்பக்கத்திலும் ஒட்டுங்கள், யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.