பாரில் வேலை செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய லைசன்ஸ் தவறுகள்

டர்பன் ஃப்ளோரிடா ரோட்டில் இருக்கிற பெரிய பார் ஆனாலும் சரி, சாட்ஸ்வர்த்தில் ஒரு சின்ன பாட்டில் ஸ்டோர் (மதுக்கடை) ஆனாலும் சரி, புதிதாக வேலைக்குச் சேர்கிற நம் பிள்ளைகள் பலர் "லைசன்ஸ் முதலாளி பேரில்தானே இருக்கிறது, எனக்கென்ன" என்ற நினைப்போடுதான் பயிற்சிக்கு வந்து உட்காருகிறார்கள். முதலில் விட வேண்டியது இந்த நினைப்பைத்தான். தென்னாப்பிரிக்காவின் 2003-ஆம் ஆண்டு மதுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதற்கும் கொடுப்பதற்கும் உள்ள தடை லைசன்ஸ்காரரோடு நிற்பதில்லை, கவுன்டரில் நின்று ஊற்றிக் கொடுக்கிறவரையும் சேர்த்துத்தான் பிடிக்கும். விற்கும் முன் வயதைச் சரியாகத் தெரிந்துகொள்ள நியாயமான முயற்சி எடுக்க வேண்டிய பொறுப்பும் அப்படியே. மேனேஜர் சொன்னார், நான் கொடுத்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம் என நம்பி இருக்காதீர்கள்.

டர்பன் ஹோட்டல்களில் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வெயிட்டர்களாக இருந்திருக்கிறார்கள். 1920களின் கடைசியில் வந்த மது மசோதாவில், லைசன்ஸ் பெற்ற இடங்களிலிருந்து இந்தியர்களை விலக்க ஒரு பிரிவு சேர்த்திருந்தார்கள். அப்போது இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இங்கே இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி பேசிப் பேசி அதை நீக்க வைத்தார். அப்படிக் காப்பாற்றப்பட்ட வேலை இது, அலட்சியத்தால் அதை இழப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, வயது விஷயத்துக்கு வருவோம், பெரும்பாலான தவறுகள் இங்கேதான். தாடி இருக்கிறது, உயரமாக இருக்கிறான் என்று ஆளைப் பார்த்து முடிவு செய்வது ஒன்று. அதைவிட அதிகம் ஏமாற்றுவது, ஐடியை வாங்கிப் பார்த்துவிட்டுத் தேதியைப் பார்க்காமல் திருப்பிக் கொடுப்பது! இந்த நாட்டில் 16 வயதிலேயே ஐடி கிடைக்கும், அதனால் கையில் ஸ்மார்ட் கார்டு இருக்கிறது என்பதற்கு 18 ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. 17 வயதில் கார் ஓட்டப் பழகும் லைசன்ஸும் வாங்கிவிடலாம். ஐடி எண்ணில் 13 இலக்கங்கள் இருக்கும், முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 081120 என்று தொடங்கினால் 2008 நவம்பர் 20, அவருக்கு 18 நிரம்புவது 2026 நவம்பர் 20 அன்றுதான், அதற்கு முந்தின நாள் ராத்திரி கூட்டமாக வந்து பிறந்தநாள் பார்ட்டி கேட்டாலும் கிடையாது. ஆண்டை மட்டும் கழித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். எண்ணைப் பார்த்ததும் படத்தையும் முகத்தையும் ஒத்துப் பாருங்கள். போனில் இருக்கிற போட்டோவை நம்பாதீர்கள், அட்டையையே காட்டச் சொல்லுங்கள்.

வயது வரம்பு 21 ஆகிவிட்டது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். 2016-இல் வெளியான திருத்த வரைவில் அப்படி ஒரு யோசனை இருந்தது, அது சட்டமாகவில்லை. இன்றும் 18தான்.

குடும்பமாக வருகிற மேசைகளில் இன்னும் கவனம் வேண்டும். அப்பாவோ அம்மாவோ தன் பிள்ளைக்குத் தன் கண் முன்னால் எப்போதாவது கொஞ்சம் கொடுப்பதைச் சட்டம் இந்தத் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது, ஆனால் அது பெற்றோருக்கும் சட்டப்படியான காப்பாளருக்கும் உள்ளது, நமக்கு இல்லை. கூட வந்த அங்கிள் "நான் பார்த்துக்கறேன், பையனுக்கு ஒரு சைடர் கொண்டு வாப்பா" என்றால் நீங்கள் கொண்டுபோய் வைக்க முடியாது. "இவன் என் தம்பி, 19 ஆச்சு" என்று பொய் சொல்லி வாங்கப் பார்ப்பதே தனிக் குற்றம் என்பதையும் மரியாதையாகச் சொல்லலாம், பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். இந்த நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகரில் எனியோபெனி டேவர்ன் என்ற பாரில் 2022 ஜூன் 26 அதிகாலையில் 21 இளம் உயிர்கள் போயின, அதில் 13 வயதுப் பிள்ளையும் உண்டு. அந்த வயதுப் பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள் என்பதை நினைத்தாலே, வாசலில் ஐடி கேட்பதற்குக் கூச்சப்படத் தோன்றாது.

அடுத்தது போதை. ஏற்கெனவே போதையில் இருப்பவருக்கு மேலும் விற்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் தள்ளாடி விழும் வரை காத்திருப்பதுதான் தவறு. பேச்சு குழறுவது, காசை எண்ண முடியாமல் தடுமாறுவது, திடீரென்று குரல் உயர்வது, இவை வரும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும், சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோய் வைக்க வேண்டும். மறுக்கும்போது நண்பர்கள் முன்னால் "நீங்க ஓவர்" என்று சொல்லிவிட்டால் சண்டைதான் வரும். பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில், "அண்ணா, இதுக்கு மேல நான் கொடுக்க முடியாது, காபி கொண்டு வரட்டுமா" என்றால் போதும். அப்புறம், அவருக்கென்று நண்பர் வாங்குகிற கிளாஸும் அவருக்குக் கொடுத்ததுதான். ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருபவரிடம் எந்த மேசை என்று சொல்லாமல் கிளம்பினால், அத்தனை நேரம் மறுத்ததும் வீண்.

காரில் வந்தவர் "ரெண்டு பீர்தானே" என்பார். சாலைச் சட்டத்தின் அளவு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம், டாக்சி, லாரி ஓட்டுகிற தொழில் ஓட்டுநருக்கு 0.02. அந்த அளவுக்குள் இருக்கிறாரா என்று நம்மால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் "போகலாம், ஒண்ணும் ஆகாது" என்று உறுதி கொடுக்காதீர்கள், வண்டி கூப்பிட்டுக் கொடுங்கள்.

லைசன்ஸ் தாளை ஒருமுறையாவது முழுக்கப் படியுங்கள். சில்லறை விற்பனை மாகாணத்தின் கையில் இருக்கிறது: டர்பன் இருக்கிற குவாசூலு-நட்டாலுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம், கேப் டவுன் இருக்கிற வெஸ்டர்ன் கேப்புக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டம். கேப் டவுனில் வேலை பார்த்த அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்தினால் விற்பனை நேரத்திலேயே தப்பு வரும். கடையிலேயே உட்கார்ந்து குடிப்பதற்கான லைசன்ஸா, வாங்கிக்கொண்டு போவதற்கானதா என்று பாருங்கள். பாரில் வாடிக்கையாளர் கேட்டார் என்று மூடிய பாட்டிலை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதும், கூட்டம் அதிகம் என்று நடைபாதையில் மேசை போடுவதும் அந்தத் தாள் அனுமதித்தால்தான். கல்யாண ஹாலில் காசுக்கு மது விற்கப் போனால் அதற்கு வேறு அனுமதி வேண்டும்.

சம்பளத்துக்குப் பதில் பாட்டில் வாங்கிக்கொள்ளாதீர்கள். கேப் திராட்சைத் தோட்டங்களில் கூலியாக ஒயின் ஊற்றிய டாப் முறை எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது, இன்றைய சட்டம் முதலாளிகளுக்கு அதைத் தடை செய்கிறது.

பயிற்சி முடிந்து கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாமல், கவுன்டருக்குக் கீழே ஒரு நோட்டு வைக்கச் சொல்லி மேனேஜரிடம் கேளுங்கள். யாருக்கு எத்தனை மணிக்கு மறுத்தோம், ஏன், எந்த ஐடி காட்டினார், யார் ஷிஃப்டில் இருந்தார்கள் என்று அன்றைக்கே எழுதுங்கள். போலீஸோ ஆய்வாளரோ வந்து கேட்கும்போது, பொறுப்போடு நடந்தீர்கள் என்று காட்ட அந்த நோட்டைத்தான் எடுத்து நீட்ட முடியும்.