பதினொன்றாம் வகுப்பில் கலைப்பிரிவு: பிள்ளைகளும் பெற்றோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த பிறகு மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் சேர்க்கை நடக்கும் மேசையருகே ஒரு மணி நேரம் நின்றால், ஒரே பேச்சைப் பலமுறை கேட்கலாம். “கணக்கு இவளுக்கு வராதுங்க சார், ஏதாவது வரலாறு குரூப்புல போட்டு விடுங்க” என்று தகப்பனார் சொல்வார். மதிப்பெண் பட்டியலை நான்காக மடித்துப் பிடித்தபடி பிள்ளை பின்னால் நிற்கும். அந்தப் பட்டியலில் சமூக அறிவியலுக்கு எதிரே 94 என்று இருப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வரலாறும் பொருளியலும் படிக்கத் தகுதியுள்ள பிள்ளை என்பதற்காக அந்தப் பிரிவில் சேர்த்தால் அது தேர்வு; வேறொன்றும் கிடைக்கவில்லை என்பதற்காகச் சேர்த்தால், அந்தப் பிள்ளை இரண்டு ஆண்டுகளும் தன்னைத் தோற்றவளாகவே எண்ணிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கலைப்பிரிவில் நடக்கும் மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

‘மிச்சம்’ என்று எண்ணிச் சேர்ப்பவர்கள் உள்ளே என்னென்ன பாடங்கள் இருக்கின்றன என்று கேட்பதில்லை. கலைப்பிரிவு என்பது ஒரே பிரிவு அன்று. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் சேர்ந்த தொகுப்பே நம் பகுதியில் மிகப் பரவலானது. அரசியல் அறிவியல், புவியியல், சிறப்புத் தமிழ் ஆகியவை இடம்பெறும் தொகுப்புகளும், வரலாற்றுக்குப் பதிலாக வணிகக் கணிதமோ கணினிப் பயன்பாடுகளோ சேர்ந்த தொகுப்புகளும் உண்டு. ஆனால் எல்லாத் தொகுப்புகளும் எல்லாப் பள்ளிகளிலும் இருப்பதில்லை. ஆசிரியர் இருக்கும் பாடமே அங்கு நடக்கும். ஆகவே வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் போய்ச் சேர்ந்துவிட்டு, அரசியல் அறிவியல் இல்லையே என்று ஜூலையில் வருந்துவதைவிட, மதுரை நகருக்குள் எந்தப் பள்ளியில் அது உள்ளது என்று மே மாதத்திலேயே விசாரிப்பது நல்லது. புவியியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு என்பதையும் பலர் சேர்ந்த பிறகே அறிகிறார்கள். வரலாறு, பொருளியல் போன்ற செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. புவியியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. வரைபடமும் அளவையும் பிடிக்கும் பிள்ளைக்கு இது பெரிய வசதி.

கணக்கைக் கண்டு ஓடி வந்து பொருளியலில் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. நம் கல்லூரிகளில் பி.ஏ. பொருளியல் சேரக் கணிதம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் சேர விரும்புபவர் கியூட் (CUET) என்னும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வில் கணிதத் தாளையும் எழுதியாக வேண்டும். பொருளியலில் மேற்படிப்பு வரை போக ஆசையுள்ள பிள்ளைக்கு அந்தக் கதவை அடைப்பதற்கு முன்பு, அப்படி ஒரு கதவு இருந்தது என்றாவது சொல்ல வேண்டும்.

அடுத்தது, பணத்தையும் வாய்ப்பையும் நேரடியாகப் பறிக்கும் தவறு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, ‘பிளஸ் ஒன்னாவது நல்ல பள்ளியில் படிக்கட்டும்’ என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் மட்டும் இருப்பதாகவே பலர் எண்ணுகிறார்கள். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது சட்டப் படிப்புக்கும் உண்டு. சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு என்பது வரலாறு படிக்கும் பிள்ளைக்கு இயல்பான வழி. அந்த வழியில் தனக்கிருந்த முன்னுரிமையை இரண்டு ஆண்டுத் தனியார் படிப்புக்காக அந்தப் பிள்ளை இழக்கிறது. கல்லூரிக்குப் போனபின் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்பதைப் பார்த்தே உதவித்தொகை தருகின்றன.

பயிற்று மொழியை மாற்றுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அது திருத்தப்பட்ட பின், பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியாகவே இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளைக் கனவு காணும் பிள்ளை பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறினால் அந்த முன்னுரிமை அன்றோடு போயிற்று. மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆங்கிலத்தில் படிப்பதற்கும் பயன் உண்டு. ஆனால் இழப்பது இன்னதென்று தெரிந்து மாற வேண்டும்.

இனிப் படிக்கும் முறைக்கு வருகிறேன். ஒருமுறை பிளஸ் டூ மாணவி ஒருத்தி தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் கிடைத்த இடங்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அதில் மாங்குளமும் இருந்தது. “மாங்குளம் எங்கே இருக்கிறது?” என்றேன். விழித்தாள். அவள் தினமும் பேருந்தில் வரும் வழியில் தெரியும் ஓவாமலைதான் அது என்றதும், அவள் புத்தகத்தைத் திறந்து அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தாள். நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் அந்த மலையின் குகையில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. குற்றம் அவளுடையது அன்று. கைடு புத்தகத்தில் ஊர்ப் பெயர் இருக்குமே தவிர, ஊர் இருக்காது. மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் கீழடி, நகருக்குள்ளேயே தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம், கீழக்குயில்குடியில் சமணர் மலை என்று இத்தனையும் சூழ இருக்க, அவற்றை ஒரு மதிப்பெண் விடைகளாக மட்டும் படிப்பது பெரிய இழப்பு.

பொருளியலில் வரும் குழப்பத்தையும் ஊரை வைத்தே தெளிவாக்கலாம். விலை ஏறினால் தேவை குறையும் என்று படித்த பையன், “முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறியும் எல்லாரும் வாங்குகிறார்களே, அப்படியானால் விதி தவறா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. மார்கழிப் பனியில் செடி மொட்டு வைப்பது குறைந்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வரத்துக் குறைந்து விலை ஏறும்போது, முழம் வாங்கியவர் அரை முழத்தோடு நிறுத்திக்கொள்வார். இங்கே மாறியது அளிப்பு, வாங்குபவர் அதே தேவைக்கோட்டின் (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) மீதே மேலே நகர்கிறார். முகூர்த்த நாளிலோ, அதே விலைக்கு முன்பைவிட அதிகம் பேர் பூக் கேட்கிறார்கள். தேவைக்கோடே வலப்பக்கம் இடம்பெயர்ந்துவிடுகிறது, விலை அதன் விளைவாக ஏறுகிறது. விதி பொய்க்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் படம் வரைந்து ஐந்து மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஏராளம்.

அரசியல் அறிவியலில் ‘உள்ளாட்சி’ என்ற பாடத்தைச் சட்டத்திருத்த எண்களாக மனனம் செய்வதும் அப்படித்தான். 73-ஆவது திருத்தம், 1992 என்று எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் நம் மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட பின் 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே தேர்தலை முறையாக நடத்தவே முடியாமல் போய், 2006-இல்தான் நடந்தது என்பதை அறிந்த பிள்ளைக்கு, இடஒதுக்கீட்டை அரசமைப்புச் சட்டத்திலேயே ஏன் எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பது தனியே விளக்காமலே புரியும். ஆகஸ்டு 15 அன்றோ அக்டோபர் 2 அன்றோ தன் ஊர்க் கிராம சபையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருமாறு மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம்.

பாடத்தின் பின்பக்க வினாக்களை மட்டும் படித்துத் தேர்வுக்குப் போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 90 மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. அவற்றில் சில பாடத்தின் உள்ளிருந்து வரும், கட்டாய வினாவும் உள்ளிருந்தே வரலாம்.

தேர்வு முடிந்ததும் புத்தகங்களைப் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்குப் போய்ப் பாருங்கள். பட்டம் முடித்து அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான இதே சமூக அறிவியல், வரலாறு, பொருளியல் புத்தகங்களை அடிக்கோடிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருப்பார்கள். பதினேழு வயதில் ஒழுங்காகப் படித்துப் பத்திரப்படுத்தியவருக்கு அந்த வேலையில் பாதி மிச்சம்.

கடைசியாக, காலம் தவறுதல். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர கிளாட் (CLAT) என்னும் சட்டப் படிப்புப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம். 120 வினாக்கள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும், தாள் ஆங்கிலத்தில் இருக்கும். அண்மைக் காலமாக இது பிளஸ் டூ படிக்கும்போதே டிசம்பரில் நடந்துவிடுகிறது. விண்ணப்பம் அதற்கு முன்பே முடிந்துவிடும். பொதுத்தேர்வு முடிந்து ஏப்ரலில் வந்து, “சார், கிளாட்டுன்னு ஒண்ணு இருக்காமே, அதுக்கு எப்படிப் போடணும்?” என்று கேட்கும் பிள்ளைகளை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். காலாண்டுத் தேர்வு நடக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது.